சிலுவையில் நடந்தது கடன் தீர்ப்பா, போர் வெற்றியா?

கேள்வி: கோத்தகிரி வாசகர்

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

கோத்தகிரிக்கு அருகே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டியுள்ள எங்கள் சபையில் வாலிபருக்கான வேதபாட வகுப்பை நான் நடத்திவருகிறேன். இவ்வாண்டு பெரிய வெள்ளியன்று இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானத்தில், 'என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற நான்காம் வார்த்தையை எடுத்துப் பேசிய போதகர், பிதாவானவர் தமது கோபம் முழுவதையும் குமாரன்மேல் ஊற்றித் தணிந்தார் என்றும், நாம் செலுத்தவேண்டிய கடனைக் குமாரன் பிதாவுக்குச் செலுத்தி முடித்தார் என்றும் விளக்கினார். ஞாயிறு அதிகாலை உயிர்த்தெழுதல் ஆராதனைக்கு வந்த வேறொரு போதகர் கோபத்தைப் பற்றியும் கடனைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. கிறிஸ்து சிலுவையில் பிசாசோடு போரிட்டு அவன் தலையை நசுக்கினார், மரணத்தின் கதவுகளை உடைத்தார் என்பதே அவருடைய பிரசங்கம் முழுவதும். அடுத்த வகுப்பில் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: கடன் தேவனுக்குத்தான் என்றால் பிசாசோடு போர் எதற்கு? பகைவன் பிசாசுதான் என்றால் பிதாவின் கோபம் ஏன் தணியவேண்டும்? இரண்டு பேரும் ஒரே சிலுவையைப் பற்றித்தான் பேசினார்களா?

எங்கள் குடும்பம் 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி நீலகிரியில் குடியேறிய குடும்பம். கடன் என்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது 'துண்டு'தான். ஆட்களைச் சேர்த்து மேற்பார்த்த கங்காணியும் அவர் கீழிருந்த ஆட்களும் பட்ட கடன் தொகையைத் தோட்ட நிர்வாகம் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தரும். அத்தொகையைக் கட்ட முன்வரும் தோட்டத்துக்கு மட்டுமே அவர்கள் மாறிப்போகலாம். புதிய தோட்டத்தை நடத்தும் துரை பழைய துரைக்குப் பணத்தைக் கட்டுவார். ஆனால் கடன் தீராது, புதிய தோட்டத்தின் கணக்கில் ஏறிக்கொள்ளும். 1921இல் சட்டத்தின் மூலம் அம்முறை ஒழிக்கப்படும்வரை இதுவே நடைமுறை. இதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, கிறிஸ்து நம்மை விலைகொடுத்து மீட்டார் என்று வாசிக்கும்போதெல்லாம், அந்த விலையை வாங்கிக்கொண்டவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. பிசாசு வாங்கினான் என்றால் நம்மேல் அவனுக்கு உரிமை இருந்ததென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பிதா வாங்கினார் என்றால், நாம் அவருடைய கைதிகளாகவா இருந்தோம்?

இன்னும் ஒன்று. எங்கள் பகுதியில் ஞானஸ்நானம் பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பெரியவர்களும் ஏவலுக்கும் பில்லிசூனியத்துக்கும் அஞ்சுகிறார்கள். பேய் விரட்ட நடத்தும் விடுதலைக் கூட்டங்களில், முன்னோரிடமிருந்து தொடரும் தலைமுறைச் சாபம் இன்னும் முறியவில்லை என்று கேட்டுவிட்டு மேலும் கலங்கிப்போய் வருகிறார்கள். பிசாசு சிலுவையில் தோற்றுவிட்டான் என்பது உண்மையானால் இவர்களுக்கு நான் என்ன சொல்லவேண்டும்? பொறுமையோடு விளக்கினால் நன்றியுடையவனாயிருப்பேன்.


மறுமொழி 1: குன்னூர், ஓய்வுபெற்ற ஆயர்

தம்பி, இக்கேள்வியைத் திருச்சபையின் பெரிய ஆசிரியர்களே கேட்டிருக்கிறார்கள் என்று உங்கள் மாணவியிடம் முதலில் சொல்லுங்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகேன், மத்தேயு சுவிசேஷத்துக்கு எழுதிய விளக்கவுரையில், மீட்கும்பொருள் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்டு, தேவனுக்கு அல்ல, நம்மைப் பிடித்துவைத்திருந்த பொல்லாங்கனுக்கே என்று விடை சொன்னார். ஆனால் வாங்கியவனால் அதைத் தன் கையில் வைத்திருக்க முடியவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். நான்காம் நூற்றாண்டில் நிசாவின் கிரகோரியார் இதை வளர்த்து, மனித சரீரம் என்ற இரைக்குள் தேவத்துவம் தூண்டில் முள்ளாக மறைந்திருந்தது, பகைவன் அதை விழுங்கி அகப்பட்டுக்கொண்டான் என்று எழுதினார்.

அவருடைய நண்பரான நசியான்சின் கிரகோரியாருக்கு இந்த விடையில் மனம் ஒப்பவில்லை. தமது 45ஆம் சொற்பொழிவில், நீங்கள் கேட்ட அதே வரிசையில் அவர் கேட்கிறார். கொள்ளைக்காரனுக்கு விலை கொடுப்பதா, அதுவும் தேவனையே விலையாகக் கொடுப்பதா? பிதாவுக்கு என்றால், நம்மைச் சிறைப்பிடித்தவர் அவர் அல்லவே. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிட வந்தபோது அதை ஏற்காமல் ஆட்டுக்கடாவை மாற்றாகக் கொடுத்தவர், தமது ஒரேபேறானவருடைய இரத்தத்தில் எப்படி மகிழ்வார்? பிதா அந்தப் பலியை ஏற்றுக்கொண்டது தமக்கு அது தேவைப்பட்டதனால் அல்ல. தேவனுடைய மனிதத்தன்மையினாலே மனிதன் பரிசுத்தமாக்கப்படவும், கொடுங்கோலன் வெல்லப்பட்டு நாம் விடுதலையாகவும் வேண்டியிருந்ததனாலேயே ஏற்றார் என்பது அவருடைய முடிவு. இந்தப் பத்தியை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். மீட்பைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இதற்கு இணையான நேர்மையான கேள்வி குறைவு என்றே எண்ணுகிறேன்.

இப்போது உங்கள் சபையில் கேட்ட இரண்டு பிரசங்கங்களுக்கு வருவோம். இவற்றை எதிரெதிர் அணிகளாகப் பார்க்கும் பழக்கத்துக்கு ஒரு முக்கியக் காரணம் குஸ்தாவ் ஔலேன் என்ற சுவீடன் நாட்டு லுத்தரன் இறையியலாளர். 1930இல் ஆற்றிய விரிவுரைகளில், ஆதித் திருச்சபை போதித்தது கிறிஸ்துவின் வெற்றியே என்றும், பின்வந்த மேற்குத் திருச்சபை அதைச் சட்டக் கணக்காகச் சுருக்கிவிட்டது என்றும், 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதியான லுத்தர் பழைய வெற்றிச் செய்தியை மீண்டும் கண்டெடுத்தார் என்றும் அவர் வாதிட்டார். வெற்றியின் செய்தியை மறந்துகிடந்த சபைகளுக்கு அதை நினைவூட்டியதில் அவர் செய்த தொண்டு பெரியது. ஆனால் அவர் போட்ட கோடு அளவுக்கு மீறி அழுத்தமானது. லுத்தர் 1535இல் வெளியிட்ட கலாத்தியர் விளக்கவுரையில் 3:13க்கு வந்தவுடன், கிறிஸ்து உலகத்தின் பாவம் அனைத்தையும் தம்மேல் ஏற்றுக்கொண்டு சாபமானார் என்கிறார். அங்கேயே, அதே விளக்கத்துக்குள், பாவமும் மரணமும் சாபமும் அவரோடு மோதித் தோற்கும் அதிசயமான போரையும் விவரிக்கிறார். கேள்வி-பதிலாக அமைந்த 1563ஆம் ஆண்டின் ஹைடல்பெர்க் ஞானோபதேசத்தின் முதல் விடையும் அப்படித்தான்: கிறிஸ்து தமது இரத்தத்தினால் என் பாவங்கள் அனைத்துக்கும் முற்றாகச் செலுத்தினார், பிசாசின் வல்லமை அனைத்திலிருந்தும் என்னை விடுவித்தார் என்று ஒரே மூச்சில் சொல்கிறது. சட்டக் கோட்பாட்டுக்கு உரியவராகக் கருதப்படும் சீர்திருத்தவாதி கால்வினும், கொலோசெயர் 2:15ஐ எடுத்து, நிந்தை நிறைந்த சிலுவை வெற்றித் தேராக மாறிற்று என்றுதான் எழுதுகிறார்.

இவ்விரண்டும் எங்கே சேருகின்றன என்பதே விஷயத்தின் உயிர்நிலை. கொலோசெயர் 2:14ஐயும் 15ஐயும் பிரிக்காமல் வாசியுங்கள். முதல் வசனத்தில், நமக்கு விரோதமாயிருந்த கையெழுத்து, அதாவது கடன்பத்திரம், குலைக்கப்பட்டு சிலுவையில் ஆணியடிக்கப்படுகிறது. அடுத்த வசனத்தில், துரைத்தனங்களும் அதிகாரங்களும் ஆகிய தீய வல்லமைகள் உரியப்பட்டு, அவைகளின்மேல் அவர் வெற்றி சிறக்கிறார். முதலாவது நடந்ததனால் இரண்டாவது நடக்கிறது. பிசாசுக்கு நம்மேல் சொந்தமான உரிமை ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் நம்முடைய குற்றம் உண்மையானது. அந்த உண்மையை எடுத்து நம்மேல் வீசுவதே அவன் தொழில். சகரியா 3ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனாகிய யோசுவாவுக்கு வலதுபக்கத்தில் சாத்தான் விரோதஞ்செய்ய நிற்கிறான். யோசுவா அழுக்கு வஸ்திரம் தரித்திருப்பதும் மெய்யாகவே மெய். 1 கொரிந்தியர் 15:56 மரணத்தின் கூர் பாவம் என்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 12ஆம் அதிகாரத்தில், இரவும் பகலும் குற்றஞ்சாட்டினவன் தள்ளப்படுகிறான். விசுவாசிகள் அவனை ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினால் ஜெயிக்கிறார்கள். பாவத்துக்கான பலியே இங்கே போர்க்கருவியாகிறது. குற்றம் நீங்கியவனைக் குற்றவாளி என்று மிரட்ட எவனாலும் முடியாது.

ஆகவே தம்பி, உங்கள் துண்டு உவமையில் நசியான்சின் கிரகோரியார் கண்ட சிக்கல் அப்படியே இருக்கிறது. பழைய துரைக்குப் பணம் கட்டி ஆளை எடுத்ததுபோல மீட்பு நடக்கவில்லை. அப்படி நடந்திருந்தால் கடனை ஆயுதமாக்கும் முறை அப்படியே நின்றிருக்கும். துண்டே ஒழிந்ததுபோல, குற்றச்சாட்டின் ஆதாரமே சிலுவையில் இல்லாமற்போயிற்று. ஆனால் இந்த உவமையை ஓர் எல்லையில் நிறுத்தவும் வேண்டும். கங்காணிக் கடன் பெரும்பாலும் அநியாயமானது; தேவனுக்கு முன்பாக நம்முடைய குற்றம் அப்படிப்பட்டதன்று. அதைச் சும்மா கிழித்தெறிந்தால், நம்மால் காயப்பட்ட மனிதருக்கு நீதி எங்கே? அதனால்தான் அது சும்மா கிழிக்கப்படாமல் அவருடைய சரீரத்தோடு ஆணியடிக்கப்பட்டது.

பெரிய வெள்ளிப் பிரசங்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பாவத்தின்மேல் தேவனுக்குக் கோபம் உண்டு என்பதை நான் மறுக்கமாட்டேன். ஏசாயா 53ஐ வாசிக்கிறவன் மறுக்க முடியாது. ஆனால் கோபமுள்ள பிதா ஒரு பக்கம், இரக்கமுள்ள குமாரன் மறுபக்கம் என்று பிரிப்பது வேதத்துக்கு முரணானது. குமாரனை அனுப்பியவரே பிதா. தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்கிறது 2 கொரிந்தியர் 5:19. தமது குமாரன்மேல் தேவன் எப்போதாவது பகைமையோ கோபமோ கொண்டார் என்று தாம் சொல்லவில்லை எனக் கால்வினே தெளிவாக எழுதியிருக்கிறார். நான்காம் வார்த்தை சங்கீதம் 22இன் முதல் வரி. அச்சங்கீதத்தின் 24ஆம் வசனம், தேவன் தமது முகத்தை உபத்திரவப்பட்டவனுக்கு மறைக்கவில்லை என்கிறது. அதையும் வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள்.


மறுமொழி 2: உதகை, காந்தல் பங்கைச் சேர்ந்தவர்

ஆயர் ஐயா எழுதியதைக் கத்தோலிக்கனாகிய நான் மகிழ்வோடு ஏற்றுக்கொள்கிறேன். புனித ஆன்செல்முக்காக மட்டும் சில சொற்கள் சொல்ல அனுமதியுங்கள். ஏனெனில் 'சட்டக் கணக்கு' என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் அவர்மேல்தான் விழுகிறது.

கான்டர்பரி பேராயராக இருந்த ஆன்செல்ம், கடவுள் ஏன் மனிதரானார் என்ற தம் நூலை 1098இல் முடித்தார். சாத்தானுக்கு மனிதர்மேல் நீதியான உரிமை ஏதும் இல்லை என்று அந்நூலின் தொடக்கப் பகுதியிலேயே அவர் தள்ளிவிடுகிறார். கோத்தகிரி நண்பர் அஞ்சிய பாதையை முதலில் அடைத்தவர்களுள் அவர் முக்கியமானவர். அடுத்து அவர் சொல்வது: பாவத்தால் குலைந்த ஒழுங்கு சீர்பெற இரண்டு வழிகளே உள்ளன, ஒன்று தண்டனை, மற்றொன்று ஈடு செய்தல். கிறிஸ்து செய்தது இரண்டாவது. தண்டனைக்கு மாற்றாகவே ஈடு செய்தல் வருகிறது. கடமைப்பட்டவன் மனிதன், செலுத்தும் ஆற்றல் கடவுளுக்கே உண்டு, ஆகவே கடவுளும் மனிதருமானவர் தம் உயிரை அன்பினால் மனமுவந்து கையளிக்கிறார். இதில் மகனை அடிக்கும் தந்தை எங்கும் இல்லை. பிற்காலத்தில் 16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தவாதிகள் 'நமக்கு வரவேண்டிய தண்டனையை அவர் ஏற்றார்' என்று கூறியது வேறொரு வாதம். அதை இங்கே நான் குறைசொல்ல வரவில்லை; ஆனால் இரண்டையும் ஒன்றாக்கி ஆன்செல்மின் தலையில் கட்டுவது முறையன்று.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் பாடப்படும் பாஸ்கா புகழுரையை நண்பர் ஒருமுறை கேட்கவேண்டும் என்று விரும்புகிறேன். இருட்டில் பாஸ்கா திரி ஆலயத்துக்குள் வந்தபின், கிறிஸ்து என்றுமுள்ள தந்தைக்கு ஆதாமின் கடனைச் செலுத்தினார், பழைய குற்றத்தின் பத்திரத்தைத் தம் இரத்தத்தால் துடைத்தழித்தார் என்று அது பாடுகிறது. சற்று நேரத்துக்குள் அதே பாடல், கிறிஸ்து சாவின் தளைகளைத் தகர்த்து வெற்றி வீரராய்ப் பாதாளத்திலிருந்து எழுந்த இரவு இதுவே என்கிறது. பாடுகிற சபைக்கு இடையில் எந்த முரண்பாடும் தோன்றுவதில்லை.

எங்கள் காந்தல் குருசடியில் திருச்சிலுவையின் அருளிக்கம் (அச்சிலுவையின் துண்டாக வணங்கப்படும் புனிதப் பொருள்) வைக்கப்பட்டிருப்பதால் இன்னொரு பழைய பாடலும் என் நினைவுக்கு வருகிறது. 569இல் பிரான்சு நாட்டின் புவாத்தியே நகருக்கு இதேபோன்ற திருச்சிலுவை அருளிக்கம் வந்துசேர்ந்தபோது, அதை வரவேற்க வெனான்சியுஸ் ஃபோர்த்துனாத்துஸ் ஓர் இலத்தீன் பாடலை இயற்றினார். அரசரின் கொடிகள் முன்செல்கின்றன என்று அது போர் அணிவகுப்பாகவே தொடங்குகிறது. நடுவில், உலகத்தின் விலை சிலுவையின் கிளைகளில் தொங்கியது, அது அவர் உடலை நிறுத்த தராசாகிப் பாதாளத்தின் இரையைப் பறித்தது என்கிறது. விலையும் பறிமுதலும் ஒரே அடியில் வருகின்றன. ஆன்செல்முக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைப் பாடியவர்கள், ஒரு கோட்பாட்டைத் தேர்ந்துகொண்டு மற்றொன்றை விலக்கவேண்டும் என்று கருதவில்லை. புனித தாமஸ் அக்குவினாசும் கிறிஸ்துவின் பாடுகள் பேறுபலனாகவும், ஈடாகவும், பலியாகவும், மீட்பாகவும், செயல்திறனாகவும் மீட்பைத் தருகின்றன என்று ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்.


மறுமொழி 3: கொடைக்கானல், ஆசிரியை

பெரியவர்கள் இருவரும் எழுதியதை மதிப்போடு வாசித்தேன். ஆனாலும் இந்த உரையாடலில் மூன்றாவது குரல் ஒன்று ஒலிக்கவில்லை என்று உணர்கிறேன்.

12ஆம் நூற்றாண்டில் பீட்டர் அபெலார்டு என்ற பிரெஞ்சு இறையியலாளர், உரோமையர் விளக்கவுரையில், குற்றமில்லாத ஒருவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமையல்லவா, தம் மகனின் சாவினால்தான் கடவுள் உலகத்தோடு ஒப்புரவாக முடிந்தது என்று எண்ணுவது சரியா என்று கேட்டார். சிலுவையில் வெளிப்பட்ட அன்பு நம்முள் அன்பைப் பற்றவைத்து, பாவத்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். கிளேர்வோவின் பெர்னார்டு என்ற துறவி அவரை மிகக் கடுமையாக எதிர்த்தார். எங்கள் கொடைக்கானலுக்கு 1845இல் வந்த அமெரிக்க மதுரை மிஷனார் பெரும்பாலும், ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும் காங்கிரிகேஷனல் மரபினர். அம்மரபின் ஹோரஸ் புஷ்னெல் என்ற அமெரிக்கப் போதகரும் 1866இல் வெளியிட்ட நூலில், பிறருடைய துயரத்தைத் தன் துயரமாக்கிக்கொள்வதே அன்பின் இயல்பு, சிலுவை அவ்வன்பின் நிறைவு என்று எழுதினார். ஆகவே இக்குரல் நம் மலைகளுக்கும் அந்நியமானதல்ல.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வீட்டில் அடிபடும் பெண்கள் என்னிடம் பேசியிருக்கிறார்கள். தந்தை அன்பினாலேயே மகனை நொறுக்கினார், மகன் வாய் திறக்கவில்லை, நீயும் வாய் திறக்காதே என்ற அறிவுரையை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். சிலுவையைப் பற்றி நாம் சொல்லும் விளக்கம் சமையற்கட்டு வரை போகிறது. அங்கே அது யார் கையில் என்னவாகிறது என்பதற்கும் நாமே பொறுப்பு. ஆயர் ஐயா பிதாவையும் குமாரனையும் பிரிக்கக்கூடாது என்று எழுதியது எனக்கு ஆறுதலாக இருந்தது. அது மேடைகளிலும் அதே தெளிவோடு சொல்லப்படவேண்டும்.

வெற்றி என்ற விளக்கத்தை நான் உயர்வாகக் கருதுவதும் இதனாலேயே. பவுல் சொல்லும் துரைத்தனங்களும் அதிகாரங்களும் கண்ணுக்குத் தெரியாத ஆவிகள் மட்டும் அல்ல. அமெரிக்க இறையியலாளர் வால்டர் விங்க், 1984இல் தொடங்கி எழுதிய நூல்களில், நிறுவனங்களுக்கும் ஆட்சிமுறைகளுக்கும் உள்ளே இயங்கும் மனநிலையும் அவற்றுள் அடங்கும் என்று விளக்கினார். துண்டு முறை அப்படியொரு அதிகாரம் அல்லவா? சாதி அல்லவா? அடிக்கும் கணவனுக்குத் துணைபோகும் ஊர் வழக்கம் அல்லவா? கிறிஸ்துவைச் சிலுவையில் அறைந்தது உரோம அரசும் ஆலய நிர்வாகமும் சேர்ந்துதான். உயிர்ப்பு அவற்றின் தீர்ப்பைப் பொய்யாக்கிற்று. பேயை மட்டும் விரட்டிவிட்டு இவற்றை விட்டுவைக்கும் வெற்றிப் பிரசங்கம் பாதிப் பிரசங்கமே.

ஆனால் அபெலார்டின் விளக்கம் மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். அன்பின் முன்மாதிரியைக் காண்பதால் மட்டும் ஒடுக்கப்பட்டவருக்கு விடுதலை வந்துவிடாது. அவரைப் பிடித்திருக்கும் கை உடையவேண்டும்.


கோத்தகிரி வாசகர்

ஆயர் ஐயா, காந்தல் ஐயா, ஆசிரியை அம்மா, மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. குற்றச்சாட்டின் ஆதாரம் போனதால் குற்றஞ்சாட்டுகிறவனின் வல்லமையும் போயிற்று என்பது மாணவிக்கு நன்றாக விளங்கும். ஆனால் என் மூன்றாம் கேள்வி அப்படியே நிற்கிறது. போர் முடிந்துவிட்டதென்றால் தீமை இன்னும் இவ்வளவு பலத்தோடு இருப்பது எப்படி? தலைமுறைச் சாபத்துக்கு அஞ்சும் ஒரு முதியவரிடம் போய், கொலோசெயர் இரண்டாம் அதிகாரத்தை விளக்கிச் சொன்னால் அவருடைய இராப் பயம் தீருமா?


மறுமொழி 4: குன்னூர், ஓய்வுபெற்ற ஆயர்

ஆசிரியை அம்மா சொன்ன எச்சரிக்கையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஒரு வேறுபாட்டை மட்டும் குறித்துவைக்கிறேன். அமைப்புகளின் தீமை மெய்யானதுதான். ஆனால் தீமை அமைப்புகளுக்குள் அடங்கிவிடுவதில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பாகிய லயத்தில் தனியே படுத்திருக்கும் முதியவரைப் பிடித்திருக்கும் பயத்தை ஆட்சிமுறை என்ற பெயரால் மட்டும் விளக்கிவிட முடியாது. எபிரெயர் 2:14, 15இல் மரணபயம் ஓர் அடிமைத்தனமாகவே சொல்லப்படுகிறது; அதிலிருந்து விடுதலைபண்ணவே குமாரன் மாம்சத்தையும் இரத்தத்தையும் உடையவரானார்.

தம்பி, போர் முடிந்துவிட்டது என்று புதிய ஏற்பாடு சொல்வதில்லை. சத்துருக்களைத் தமது பாதத்துக்குக் கீழ்ப்படுத்தும்வரைக்கும் அவர் ஆளுகை செய்யவேண்டும், கடைசிச் சத்துரு மரணம் என்கிறது 1 கொரிந்தியர் 15. பிசாசு தனக்குக் கொஞ்சக்காலம் மாத்திரம் உண்டென்று அறிந்து மிகுந்த கோபங்கொண்டிருக்கிறான் என்கிறது வெளிப்படுத்தின விசேஷம் 12:12. தோற்றவனுடைய மூர்க்கம் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் 1946இல் ஆஸ்கர் குல்மன் என்ற வேத அறிஞர், தீர்மானமான போர்க்களத்தில் வெற்றி கிடைத்த பிறகும் போர் நீடிக்கலாம் என்று இதை விளக்கினார். சிலுவைக்குப் பிறகு தீமை செயல்படுகிறது, ஆனால் அதனிடம் தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லை. இந்த வேறுபாட்டை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மறந்தால் தீமையைக் காணாதவர்போல் நடிப்போம்; மற்றதை மறந்தால் தீமையைத் தேவனுக்குச் சமமான எதிராளியாக்குவோம். விடுதலைக் கூட்டங்கள் பலவற்றில் நடப்பது இந்த இரண்டாவது தவறுதான். நோய்க்கும் கடனுக்கும் குடிக்கும் வெவ்வேறு ஆவிகளைச் சொல்லிச் சொல்லி, மக்கள் மனத்தில் கிறிஸ்துவின் பெயரைவிடப் பேய்களின் பெயர்களே அதிகம் பதிந்துவிடுகின்றன. தம்முடைய குடிப்பழக்கத்துக்கு ஆவியைக் காரணம் காட்டி மனந்திரும்பாமல் இருப்பதற்கும் அது வழியாகிறது.

தலைமுறைச் சாபத்தைப் பற்றி எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் தெளிவாகப் பேசுகிறது: பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்ற பழமொழியை இனிச் சொல்லக்கூடாது என்று தேவனே கட்டளையிடுகிறார். தகப்பனுடைய குடியும் வன்முறையும் பிள்ளைகளைக் காயப்படுத்தும் என்பது வேறு; அக்காயத்துக்கு அன்பும் காலமும் தேவை. ஆனால் அது சாபம் என்ற தீர்ப்பாக அப்பிள்ளைகள் தலையில் நிற்கவில்லை. கலாத்தியர் 3:13க்குப் பிறகு கிறிஸ்துவுக்குள் இருக்கிறவன்மேல் மீந்திருக்கும் சாபம் எதுவும் இல்லை. இன்னும் முறிக்கப்படவேண்டும் என்று எவர் சொன்னாலும், சிலுவையில் நடந்தது குறைவானது என்று சொன்னதாகும்.

விளக்கினால் மட்டும் பயம் போகுமா என்று கேட்டீர்கள். போகாது, ஆதித் திருச்சபையும் அப்படி எதிர்பார்க்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் எருசலேமின் சிரில் புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு ஆற்றிய போதனைகளில், அவர்கள் முதலில் இருளின் திசையாகிய மேற்கை நோக்கிக் கைநீட்டி, சாத்தானை முகத்துக்கு முகமாக விட்டுவிலகினதையும், பிறகு கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிட்டதையும் நினைவூட்டுகிறார். வெற்றியை அவர்கள் வாயினாலும் உடலினாலும் சொன்னார்கள். நம்முடைய ஞானஸ்நான ஒழுங்கிலும் பிசாசையும் அவன் கிரியைகளையும் விட்டுவிலகும் அறிக்கை இருக்கிறது. பலருக்கு அது பிள்ளைப்பருவத்தில் பெற்றோர் சொன்ன ஒரு சொல்லாக நின்றுவிட்டது. அந்த முதியவருடைய வீட்டுக்கு வகுப்புப் பிள்ளைகள் சிலரை அழைத்துப் போங்கள். அவரோடு சேர்ந்து அந்த அறிக்கையைச் சொல்லுங்கள், எபிரெயர் 2ஐ வாசியுங்கள், ஒரு பாட்டுப் பாடுங்கள். அவர் பயந்திருக்கும் இரவில் யாராவது ஒருவர் அவரோடு தங்குங்கள். காணிக்கை எதுவும் வாங்காதீர்கள்.

வகுப்புக்கு வாசிப்பு வரிசை வேண்டுமானால், சகரியா 3, பிறகு ஏசாயா 53, பிறகு கொலோசெயர் 2:13 முதல் 15 வரை, கடைசியில் வெளிப்படுத்தின விசேஷம் 12. ஒவ்வொன்றிலும் குற்றஞ்சாட்டுகிறவர் யார், குற்றம் மெய்யா பொய்யா, அதை நீக்குகிறவர் யார், நீங்கிய பிறகு குற்றஞ்சாட்டினவனுக்கு என்ன ஆயிற்று என்று மாணவியே எழுதட்டும். அவள் எழுதியதை இங்கே பதிவிட்டால் நாங்களும் வாசிக்க விரும்புகிறோம்.